ஏழாம் நம்பர்

கரடிப்போக்குச் சந்திக்குச் சற்று இப்பால்
ஜப்பான் சாமான் கடை.
சோறாக்கும் சட்டி, சைக்கிள், பிள்ளைகளின் கார் இருக்கை,
மூலையில் ஒரு நீலப் பீப்பாவுக்குள்
தலை மேலே தெரியக் குத்தி நிற்கின்றன
கோல்ப் மட்டைகள்.
எதை எடுத்தாலும் எழுநூறு.

"பாம்படிக்கவோ அண்ணை, மாங்காய்க்கோ?"
என்கிறான் புவிதரன்.
நாய்க்கென்று வாங்குகிற ஆட்கள்தானாம் கூட.
தக்காளிக்கு ஊன்றுகோலாக
ஒன்பது கொண்டுபோனாராம் முரசுமோட்டைக்காரர் ஒருவர்.
நீளமானதாய்ப் பார்த்து உருவித் தருகிறான்.
"விளையாட" என்றேன்.
சிரிப்பான் என்று பார்த்தால்
கால்குலேட்டரை எடுத்துவிட்டான்.
விளையாட்டுக்கென்றால் ஆயிரம்.

ஓமானில், எண்ணெய்க் கம்பனி வெளியில்
எண்ணெய் தெளித்த மணலை
வாரியால் இழுத்துச் சமன் செய்தவன் நான்.
புல் கிடையாது. ஆளுக்கொரு துண்டுக் கம்பளம்,
பந்தை அதன்மேல் வைத்து அடித்து
கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு நடப்பார்கள்.
வெள்ளிக்கிழமை, வெயில் ஏறமுன்,
எங்களையும் விட்டார்கள்.
என் கைக்கு அப்போது மூன்றாம் நம்பர் இரும்பு.
கத்தி முகம்.
நடு தவறினால் முழங்கைவரை மின்சாரம் ஏறும்.
எனக்குத் தவறியதில்லை
என்று சொல்ல ஆசைதான்.

அதைத்தான் முதலில் தேடினேன் பீப்பாவில்.
இருந்தது.
சோற்றுச் சட்டிகள் இரண்டு வரிசையாய்ப் பார்த்திருக்க
நடைவழியில் நின்று மெல்ல ஓங்கினேன்.
காதுக்கு மேலே போகவில்லை கை.
வலது தோளில் இன்னொரு இரும்பு இருக்கிறது,
நம்பர் இல்லாதது.
எடுத்தால்தான் கரைச்சல், கிடக்கட்டும்
என்றுவிட்டார் டொக்டர்.
ஓங்கினது காணும் என்று அதுவும் சொன்னது.

ஐந்தாம் நம்பர் பாரம்.
அடுத்ததன் பிடி
தேய்ந்து வழுக்கியது, நனைந்த சவர்க்காரம் போல.
ஒன்றுக்கு நீளம் சரி, தலை ஆடியது.
பிறகு அடியில் ஒதுங்கிக் கிடந்த இது:
கத்தரிப்பூ நிறத் தண்டு, காபன்,
முருங்கைக்காய்ப் பாரம்கூட இல்லை.
அகன்ற அடி, குழிந்த முதுகு,
நடு தவறினாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் முகம்.
தண்டில் ஒட்டிய சிறு தாளில்
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு பெயர்.
"அது பொம்பிளையளின்ரபோல கிடக்கு அண்ணை."
ஓம், அவவின்ரதான்.
எண்ணூற்றைம்பதுக்கு முடிந்தது பேச்சு.
பந்து ஐந்து சும்மா தந்தான்.

கனகாம்பிகைக்குளம் ஆவணியில்
நடுவுக்கு ஒதுங்கிவிடும்.
வெடித்த சேற்றில் மாட்டுக் குளம்புகள் காய்ந்து கிடக்க
எங்கள் வாசல் தும்புமிதியடியை விரித்தேன்.
(யசோ இன்னும் அதைத் தேடுகிறாள்.)
முதலாவது: தும்பு பறந்தது.
இரண்டாவது: காற்று.
மூன்றாவது உருண்டுபோய்
ஒரு எருமையின் முன்னங்காலடியில் நின்றது;
எருமை அதை மணந்துவிட்டு
என்னைப் பார்த்தது.

நாலாவதில் எங்கும் அதிரவில்லை.
உண்மையில் அடித்தேனோ என்றிருந்தது.
பந்து மட்டும் ஏறிக்கொண்டே போய்,
மேலே கொஞ்சம் யோசித்து,
வலப்பக்கம் சாய்ந்து,
சாய்ந்த கட்டை ஒன்று நிற்கிற பற்றைக்குள் விழுந்தது.

கட்டையில் முன்பு ஒரு சிவப்புப் பலகை இருந்தது.
துப்புரவாக்கி, கையெழுத்தும் வைத்து,
பலகையைக் கழற்றிக்கொண்டு போய்ப் பத்து வருசம்.
மாடு போகிறது. விறகுக்குப் போகிறார்கள்.
நான் பற்றை ஓரம்வரை நடந்தேன்.
பந்து தெரிந்தது, வெள்ளையாய்,
ஒரு பாய்ச்சல் தூரத்தில்.
கால் கேட்கவில்லை.

ஓமானில் சொல்லித்தந்த சட்டம் ஒன்று:
எல்லைக்கு அப்பால் போன பந்தை
விட்டுவிடு.
ஒரு அடி தண்டம்.
முதல் நின்ற இடத்திலேயே நின்று
மறுபடி அடி.

திரும்பி வர
மிதியடியில் எருமை நின்றது.
ஐந்தாவது பந்தைக் காற்சட்டைப் பையில் உருட்டியபடி
அது நகரட்டும் என்று நின்றேன்.
அதற்கு அவசரம் இல்லை.